ஒரே கம்பியில் பேச்சும் ஓலையும்

1941-ம் வருஷம் டிசம்பர் மாதம் 7-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. வாஷிங்டன் நகரில் நடுப்பகல் ஆகச் சில நிமிஷங்களே இருந்தன. அமெரிக்கத் தரைப்படையின் பிரதம தளபதியான ஜெனரல் மார்ஷல், தூரப் பிரதேசங்களில் இருந்த தம் சேனாபதிகளுக்கு அவசரமாக ஓர் எச்சரிக்கை எழுதினார். ஜப்பான் அன்று பகல் 1 மணிக்கு ஒரு முக்கியமான கடிதத்தைக் கொடுக்கப் போகிறது. அந்த மணிக்கு என்ன விசேஷம் என்பது விளங்கவில்லை. எதற்கும் ஜாக்கிரதையாக இருங்கள் என்பது அதன் சாரம். ஹவாய்த் தீவில் அப்போது காலை 6½ மணி. பேர்ல் ஹார்பர் துறைமுகத்தின்மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட இன்னும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் இருந்தது.

அந்த எச்சரிக்கை எந்த வழியில் போயிற்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மார்ஷலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் டெலிபோன் இருந்தது. பேச்சைக் கலைத்துக் குழப்பி அனுப்பும் கருவியும் அதற்கு உண்டு. ஆனால் அந்தக் குழப்பத்தை எதிரி பிரித்துக் கேட்டுவிடக்கூடும் என்ற சந்தேகத்தால் அவர் டெலிபோனை எடுக்கவில்லை. ரகசிய லிபியில் எழுதி அனுப்பச் சொன்னார். தரைப்படைக்கென்று ஹானலூலுவரை இருந்த ரேடியோ, ஆகாயக் கோளாறினால் அன்று காலை எடுபடவில்லை. கடற்படையின் ரேடியோவை உபயோகித்துக்கொள்ளலாம் என்று கடற்படைத் தலைவர் சொன்னதும் ஏற்கப்படவில்லை. முடிவில் ஊர் ஜனங்கள் கல்யாண வாழ்த்து அனுப்புகிற வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பெனி மூலம் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கும், அங்கிருந்து ஆர்.ஸி.ஏ. கம்பெனியின் ரேடியோ மூலம் ஹானலூலுவுக்கும் அது பிரயாணம் செய்தது. காலை 7 மணி 33 நிமிஷத்துக்கு அங்கே வந்து சேர்ந்தது. 7 மணி 55 நிமிஷத்துக்குத் தாக்குதல் தொடங்கிற்று. தந்தி உறையின்மேல் அவசரக் குறி எதுவும் இல்லை. ஆகவே ஒரு பையன் மற்றத் தந்திகளோடு அதையும் வைத்துக்கொண்டு, தெருவெல்லாம் அமளியாய்க் கிடந்த வேளையில் மோட்டார் சைக்கிளில் சென்று, நடுப்பகல் வாக்கில் தரைப்படைக் காரியாலயத்தில் சேர்ப்பித்தான். லிபி பிரிக்கப்பட்டுச் சேனாபதியின் கைக்கு அது வந்தபோது பிற்பகல் ஏறக்குறைய 3 மணி. அதற்குள் 2,400-க்கு அதிகமான பேர் மாண்டு போயிருந்தார்கள்.

குற்றம் யாருடையது என்று பிற்பாடு பல விசாரணைகள் நடந்தன. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது நமது நோக்கமன்று. நாம் காட்ட விரும்புவது வேறு. அன்றைக்குச் சேனைக்கு இரண்டு பாதைகள் இருந்தன. பேச்சின் பாதை ஒன்று. எழுத்தின் பாதை மற்றொன்று. பேச்சுக்கு வேகம் இருந்தது, ரகசியம் இல்லை. எழுத்துக்கு ரகசியம் இருந்தது, வேகம் இல்லை. ஒன்று அடைபட்டால் மற்றொன்றின் வழியாகச் செய்தியைத் திருப்பிவிட ஏற்பாடில்லை. எது முந்திப் போகவேண்டும் என்று உறையின்மேல் ஒரு கீறலும் இல்லை.

இன்று உலகத்துப் பெரிய சைன்யங்களெல்லாம் இவ்விரண்டு பாதைகளையும் ஒன்றாக்கி வருகின்றன. குரலும், கடிதமும், தேசப்படமும், பீரங்கிக்கு வேண்டிய கணக்கும், ஆளில்லா விமானம் எடுத்த காட்சியும் ஒரே கண்ணாடி இழையில், ஒரே விதமான பொட்டலங்களாக ஓடுகின்றன. நமது தேசமும் அந்த வழியில் வெகுதூரம் வந்துவிட்டது. இதில் உள்ள லாபத்தைப் பற்றிப் பேசுவோர் அநேகர். உறையின்மேல் போடவேண்டிய கீறலைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

ஆதியில் இரண்டு பாதைகள் ஏன் ஏற்பட்டன என்பதை முதலில் பார்க்கலாம். டெலிபோன் பேச்சு என்பது வாடகைக்கு அமர்த்திய வண்டி மாதிரி. பேசுகிறவர்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டு யோசித்தாலும், அந்தக் கம்பி அவர்களுக்கே சொந்தம்; வேறொருவர் ஏற முடியாது. தந்திச் செய்தியோ அஞ்சல் ஓட்டக்காரன் மாதிரி. ஒரு நிலையத்தில் முழுதும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வழி கிடைத்தபோது அடுத்த நிலையத்துக்குத் தள்ளுவார்கள். 1960-களில் அமெரிக்க ராணுவம் இந்த வித்தியாசத்தை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு பிரம்மாண்டமான அமைப்புகளைக் கட்டிற்று. பேச்சுக்கு ‘ஆட்டோவான்’, எழுத்துக்கும் எண்ணுக்கும் ‘ஆட்டோடின்’.

ஆட்டோவானில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் டெலிபோன்களில் வழக்கமான 12 பொத்தான்களுக்குப் பக்கத்தில் தனி வரிசையாக இன்னும் 4 பொத்தான்கள் இருக்கும். சாதாரணப் பேச்சுக்கு அவற்றைத் தொட வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்ட அவசரங்கள் நான்கு படிகளாக ஏறும். உச்சிப் படி ஜனாதிபதிக்கும் அவரைச் சேர்ந்த மிகச் சிலருக்கும் உரியது. பாதையில் இடமில்லாத சமயம் மேல்படிக்காரர் பொத்தானை அழுத்தினால், கீழ்ப்படியில் பேசிக்கொண்டிருப்பவர்களின் காதில் ஓர் ஓசை கேட்கும், பேச்சு அறுந்துவிடும். மன்னிப்பும் கிடையாது, முறையீடும் கிடையாது. முரட்டுத்தனமான ஏற்பாடுதான். ஆனால் யாருக்கு வழி, யார் ஒதுங்குவது என்பது கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பொத்தானாக எதிரே இருந்தது.

பேச்சையும் எழுத்தையும் ஒன்றாய் அனுப்புவதில் உள்ள சிக்கலை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். மதுரையிலிருந்து மல்லிகைப் பூ ஒரு வண்டியிலும், தஞ்சையிலிருந்து நெல் ஒரு வண்டியிலும் புறப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பூக்கூடையில் பத்துப் பூ வழியில் சிந்திப் போனால் மாலை கட்டுவதற்குக் குறைவில்லை. ஆனால் பொழுது சாய்வதற்குள் கடைக்கு வரவேண்டும். மறுநாள் காலையில் அத்தனை பூவும் எண்ணிக்கை குறையாமல் வந்து என்ன பிரயோஜனம்? நெல் அப்படியன்று. இரண்டு நாள் தாமதமானாலும் பாதகமில்லை. ஒரு மரக்கால் குறைந்தாலும் கணக்குப்பிள்ளை விடமாட்டார். குரல் பூவைச் சேர்ந்தது. எழுத்தும் எண்ணும் நெல்லைச் சேர்ந்தவை. பீரங்கிக்குச் சொல்லும் தூரக் கணக்கில் ஓர் எண் தவறினால் குண்டு நம்மவர் தலையிலேயே விழும். ‘நிறுத்து’ என்ற சொல் அரை நிமிஷம் கழித்து வந்தாலும் அதே கதிதான்.

எவ்வளவு தாமதம் வரை பேச்சு தாங்கும் என்பதற்கு அளவு உண்டு. ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்குப் போக, ஒரு செகண்டை ஆயிரம் பங்காக்கி அதில் 150 பங்குக்குள் இருந்தால் சம்பாஷணை சுகமாக நடக்கும் என்பது சர்வதேச டெலிபோன் நிபுணர்களின் முடிவு. 400 பங்குக்கு மேல் போனால் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து இருவரும் தடுமாறுவார்கள். பூமிக்கு 36,000 கிலோ மீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக் கோள் வழியாக ஒரு முறை போய் இறங்கவே ஏறக்குறைய கால் செகண்டு ஆகிவிடுகிறது. மிச்சமிருக்கும் சொற்ப நேரத்துக்குள் பொட்டலம் கட்டி, பூட்டி, வரிசையில் நின்று, திறந்து, ஓசையாக்க வேண்டும்.

பேச்சைப் பொட்டலங்களாகக் கட்டி அனுப்பலாம் என்ற எண்ணமே யுத்த பயத்தில் பிறந்ததுதான். ராண்ட் என்ற ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் இருந்த பால் பாரன் என்பவர் 1964-ல் ஒரு திட்டத்தை வெளியிட்டார். அணுகுண்டு விழுந்து சில நிலையங்கள் அழிந்தாலும் செய்தி வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும்படி, எல்லாவற்றையும் சிறு துண்டுகளாக்கிப் பல கண்ணியுள்ள வலையில் விடவேண்டும் என்பது அவர் யோசனை. குரலையும் எண்களாக்கி அவ்வாறே அனுப்பலாம் என்றும் சொன்னார். அமெரிக்கா முழுதும் டெலிபோன் நடத்திவந்த ஏ.டி. அண்ட் டி. கம்பெனியின் பொறியாளர்கள் இது நடக்காது என்று தள்ளிவிட்டார்கள். பழைய தொழிலில் ஊறியவர்களுக்குப் புதியது விளங்காமல் போவது எல்லாத் தேசங்களிலும் உள்ளதுதானே!

பாரனுடைய யோசனையை அப்படியே கட்டவில்லை. ஆனால் 1969-ல் அமெரிக்கப் பாதுகாப்பு இலாகாவின் பணத்தில் ‘ஆர்ப்பாநெட்’ என்ற கம்ப்யூட்டர் வலை ஏற்பட்டது. 1974-ல் அதன் வழியே மனிதக் குரலை அனுப்பிப் பார்த்தார்கள். ஒரு கோடி கலிபோர்னியா. மறு கோடி மாஸச்சூஸெட்ஸில் உள்ள லிங்கன் பரிசோதனைச் சாலை. சாதாரண டெலிபோன் முறையில் குரலை எண்ணாக்கினால் ஒரு செகண்டுக்கு 64,000 பிட் வேண்டும். 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதுவது கணக்கு. அவ்வளவு அகலம் அன்றைய வலையில் இல்லை. ஆகவே தொண்டையும் வாயும் ஓசையை எவ்விதம் உண்டாக்குகின்றன என்ற விவரத்தை மட்டும் அனுப்பி, மறு கோடியில் குரலை மீண்டும் சிருஷ்டிக்கும் உபாயத்தைக் கையாண்டு, அவ்வருஷ முடிவில் 3,500 பிட்டுக்குள் அடக்கினார்கள். கேட்டவர்களுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்திருக்கும். ஆனால் வார்த்தை புரிந்தது.

இந்தச் சோதனைகளில் முன்னின்றவர் டானி கோஹென். அவர் கண்ட உண்மை ஒன்று பிற்கால உலகத்தையே மாற்றிற்று. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர்களுக்குள் செய்தி போக வகுக்கப்பட்டிருந்த டி.சி.பி. என்னும் விதி, நெல் வியாபாரியின் விதி. ஒரு பொட்டலம் தொலைந்தால் அதைத் திரும்பக் கேட்டு வாங்கும் வரையில் பின்னால் வந்தவற்றையும் நிறுத்தி வைக்கும். எழுத்துக்கு இது உத்தமம். பேச்சுக்கு இது சாபம். தொலைந்த ஒரு சிறு ஓசைக்காக முழுப் பேச்சும் மூச்சடைத்து நிற்க வேண்டியதாகிறது. கோஹெனும் அவரைச் சேர்ந்தவர்களும் வாதாடியதன் பேரில் 1978-ல் அந்த விதியை இரண்டாகப் பிளந்தார்கள். பொட்டலத்தை விலாசத்துக்குச் சுமந்து செல்வது மட்டுமே அடித்தளத்தின் வேலை, அதற்கு ஐ.பி. என்று பெயர். எண்ணிச் சரிபார்க்கும் வேலை டி.சி.பி.க்கு. எண்ணாமல், காத்திராமல் போகிறவைகளுக்கு யு.டி.பி. என்ற தனிக் கதவு. இன்று செல்போனில் முகம் பார்த்துப் பேசும் கோடிக்கணக்கான ஜனங்களின் குரல் பெரும்பாலும் அந்தக் கதவு வழியாகத்தான் போகிறது. அது ராணுவப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியில் திறந்த கதவு என்பதை அறிந்தவர் குறைவு.

சேர்ந்து போவதால் வரும் லாபம் பொய்யன்று. சம்பாஷணையில் ஒருவர் பேசும்போது மற்றவர் மௌனமாகக் கேட்கிறார். ஆகவே ஒவ்வொரு திசையிலும் பாதி நேரத்துக்கு மேல் கம்பி சும்மா கிடக்கிறது. அந்த மௌனத்தின் இடத்தில் கடிதங்களை ஏற்றி அனுப்பலாம். இரண்டு எக்ஸ்சேஞ்சு, இரண்டு விதக் கம்பி, இரண்டு விதத் தேர்ச்சியுள்ள சிப்பாய்கள் என்ற செலவும் குறையும். 1985-ல் அமெரிக்கத் தரைப்படை, பிரெஞ்சுக்காரர்களின் ‘ரீட்டா’ என்ற முறையைத் தழுவிப் போர்க்களத்துக்கு ஓர் அமைப்பை வாங்கிற்று. பேச்சே அதற்குப் பிரதானம். குரலுக்கு 16,000 பிட். கம்ப்யூட்டர் செய்திக்குப் பிற்பாடு ஒட்டுப் போட்டார்கள். 2003-ல் இராக்கில் படைகள் பாக்தாதை நோக்கி விரைந்தபோது, கம்பம் நட்டு ஒன்றையொன்று பார்த்து நிற்கவேண்டிய அந்த அமைப்பு பின்தங்கிவிட்டது. மறு வருஷத்திலிருந்து செயற்கைக் கோள் வழியாகப் பேச்சையும் டேட்டாவையும் பொட்டலமாகவே கொண்டு போகும் முறைக்கு மாறினார்கள்.

ஆனால் இந்தக் கூட்டுக் குடித்தனத்துக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் விலாசம் எழுதிய உறை வேண்டும். 8,000 பிட் முறையில் சுருக்கிய குரலை ஒரு செகண்டில் ஐம்பது பொட்டலமாகக் கட்டினால், ஒவ்வொன்றிலும் குரல் 20 பைட். உறை 40 பைட். கடிதத்தைவிட உறை இரண்டு மடங்கு கனம்! ஆக 8,000 பிட் குரலுக்கு 24,000 பிட் பாதை கொடுக்க வேண்டியிருக்கிறது. ரகசியப் பூட்டுப் போட்டால் இன்னும் ஏறும். அகலமான கண்ணாடி இழையில் இது ஒரு பொருட்டல்ல. மலைச் சிகரத்தில் இருக்கும் சிறு ரேடியோவுக்கு இது உயிர் போகும் பாரம். அதற்காகத்தான் 2,400 பிட்டுக்கும் அதற்குக் கீழும் குரலைக் குறுக்கும் ராணுவ முறைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கு. 1,500 பைட் கொண்ட ஒரு பெரிய டேட்டாப் பொட்டலம் 64,000 பிட் பாதையில் ஏறினால், அது கடந்து முடியச் செகண்டில் ஆயிரத்தில் 187 பங்கு ஆகும். அதற்குப் பின்னால் நிற்கும் குரல், தாங்கும் அளவை அந்த ஓர் இடத்திலேயே தாண்டிவிடுகிறது. ஒற்றையடிப் பாதையில் நெல் வண்டி முன்னால் போனால் பூக்காரன் என்ன செய்வான்? இதற்குப் பரிகாரமாக எல்லாவற்றையும் ஒரே சிறிய அளவாக நறுக்கிவிடும் முறை ஒன்று 1980-களில் வகுக்கப்பட்டது. ஏ.டி.எம். என்பது அதன் பெயர். பணம் கொடுக்கும் யந்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு துண்டும் 53 பைட். அதில் விலாசம் 5, சரக்கு 48. இந்த 48 எங்கிருந்து வந்தது? ஐரோப்பியர் 32 போதும் என்றார்கள், அமெரிக்கர் 64 வேண்டும் என்றார்கள், கூட்டிப் பாதியாக்கினார்கள். விஞ்ஞானத்திலும் பஞ்சாயத்து நடக்கத்தான் செய்கிறது.

இங்கே நமது தேசத்துக் கதைக்கு வருகிறோம். இந்திய சைன்யத்தின் சிக்னல் படை 1911-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி தோன்றியது. வேகமும் காவலும் என்ற பொருள்பட அதன் குறிக்கோள் அமைந்திருக்கிறது. மார்ஷலுக்கு அன்று சேர்ந்து கிடைக்காத இரண்டும் அவையே. தரைப்படையின் நிலையான செய்தி வலைக்கு ‘ஆஸ்கான்’ என்று பெயர். அது மேலே சொன்ன ஏ.டி.எம். முறையில் இயங்கி வந்தது. 2020-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி அதன் நான்காவது கட்டத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தொகை 7,796 கோடி ரூபாய், கெடு 36 மாதம், ஏ.டி.எம். முறையிலிருந்து ஐ.பி., எம்.பி.எல்.எஸ். முறைக்கு மாற்றுவது வேலை. சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-ல், பெங்களூரில் தொடங்கப்பட்ட ஐ.டி.ஐ. தொழிற்சாலைக்கு அந்த வேலை கொடுக்கப்பட்டது.

விமானப் படை அதற்கு முன்பே மாறிவிட்டது. 1950-களின் முறைப்படி, மேல் ஆகாயத்தில் ரேடியோ அலையை மோதவிட்டுச் சிதறி வருவதைப் பிடித்துப் பேசும் அமைப்பு அதனிடம் இருந்தது. 2010-ம் வருஷம் செப்டம்பர் 14-ந் தேதி ‘ஆப்நெட்’ என்ற கண்ணாடி இழை வலையைத் துவக்கினார்கள். பஞ்சாபுப் பக்கத்து விமானத் தளத்திலிருந்து மிக் விமானங்கள் கிளம்பிக் கற்பனைப் பகைவனை மறித்த ஒத்திகையை டில்லியில் இருந்தவாறே திரையில் பார்த்தார்கள். 2016 ஜூனில் மூன்று படைகளையும் பிணைக்கும் பாதுகாப்புச் செய்தி வலையை மந்திரி மனோகர் பாரிக்கர் துவக்கி வைத்தார். குரல், டேட்டா, காட்சி மூன்றும் அதில் செல்லும்.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு பண்டமாற்று இருப்பது பலருக்குத் தெரியாது. செல்போன் பெருகியபோது ஜனங்களுக்கு ரேடியோ அலைவரிசை போதவில்லை; அலைவரிசையில் பெரும்பகுதி ராணுவத்தின் கையில் இருந்தது. ராணுவம் அலைகளை விட்டுக்கொடுப்பது, பதிலுக்குச் சர்க்கார் கண்ணாடி இழை போட்டுத் தருவது என்று முடிவாயிற்று. 2012-ல் 13,334 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பி.எஸ்.என்.எல். சுமார் 60,000 கிலோ மீட்டர் இழை போடவேண்டும் என்பது திட்டம். 2018-ல் மேலும் 11,330 கோடி சேர்க்க வேண்டி வந்தது. ஆகவே குடிமகன் செல்போனில் பேசும் ஒவ்வொரு பேச்சுக்கும், எல்லையில் எங்கோ புதைத்திருக்கும் ஓர் இழைக்கும் உறவு உண்டு. நமது ஜனங்கள் இதில் அன்னியர் அல்லர். கேள்வி கேட்கப் பாத்தியதை உள்ளவர்கள்.

நமது கேள்வி இதுதான். இழை அறுந்த நாளில் என்ன நடக்கும்?

அகன்ற ராஜபாட்டையில் யாருக்கு முன்னுரிமை என்று ஒருவரும் சண்டையிடுவதில்லை. எல்லோருக்கும் இடம் இருக்கிறது. லடாக்கிலோ அருணாசலத்திலோ மலை சரிந்தோ, பகைவன் குண்டு விழுந்தோ இழை அறுந்துவிட்டால், அதுவரையில் அதில் ஓடிய அத்தனை போக்குவரத்தும் செயற்கைக் கோளின் குறுகிய சந்தில் நுழையப் பார்க்கும். கடற்படைக்கு 2013-ல் ஏவிய ஜிஸாட்-7-ம், விமானப் படைக்கு 2018-ல் ஏவிய ஜிஸாட்-7ஏ-யும் நம்முடையவை என்பது பெருமைக்குரியதே. ஆனால் எந்தச் செயற்கைக் கோளும் கண்ணாடி இழை சுமந்ததில் சிறு பங்கைத்தான் சுமக்கும். அந்த வேளையில் முன்னணிக் காவலின் குரல் முதலில் போகுமா, பீரங்கிக் கணக்கு போகுமா, தலைமைக் காரியாலயத்தில் பத்துப் பேர் பார்க்க விரும்பும் காட்சிப் படம் போகுமா? யந்திரம் தானாக யோசிப்பதில்லை. சமாதான காலத்தில் யாரோ ஒருவர் எழுதி வைத்த பட்டியலைப் பார்த்து அது வழிவிடும். ஒன்றும் எழுதி வைக்காவிட்டால், முண்டியடித்து அதிகப் பொட்டலம் அனுப்புகிறவனுக்கே வழி. காட்சிப் படம்தான் அப்படி அனுப்பும்.

பொட்டலத்தின் உறையில் முன்னுரிமைக் குறிக்கு இடம் இருக்கத்தான் செய்கிறது, 6 பிட். 64 விதக் குறிகள் போடலாம். பொத்தானை அழுத்திய காலத்தில் மனிதன் செய்த காரியத்தை இப்போது அந்த 6 பிட் செய்கிறது. யார் அதைப் போடுவது? அனுப்புகிறவரே போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் எல்லோரும் அவசரமென்றே போடுவார்கள். 2013 ஜூலையில் மூடப்பட்ட நமது தந்தி இலாகாவில் அவசரத் தந்திக்கு இரட்டைக் கட்டணம் இருந்தது. அந்தப் பயத்தால் மாமியார் வருகையையெல்லாம் யாரும் அவசரத் தந்தியில் தெரிவிக்கவில்லை. ராணுவத்தில் கட்டணம் கிடையாது. ஆகவே கண்டிப்பு அதிகாரத்திலிருந்துதான் வரவேண்டும். ஒப்பந்தம் எடுத்த கம்பெனியின் பொறியாளர் இதை நிச்சயிக்க முடியாது, நிச்சயிக்கவும் கூடாது. போரில் எதை இழந்தாலும் எதை இழக்கக்கூடாது என்று அறிந்த சேனாபதி, தம் கையெழுத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டிய பட்டியல் அது.

ரகசியப் பூட்டு இன்னொரு தர்மசங்கடத்தைக் கொண்டு வருகிறது. பூட்டிய பெட்டிக்குள் குறி போய்விட்டால் வழியில் உள்ள யந்திரங்களுக்கு அது தெரியாது. வெளியே எழுதினால் பகைவனும் படிப்பான். எந்தப் பக்கத்திலிருந்து திடீரென்று அவசரப் பொட்டலங்கள் பெருகுகின்றன என்று எண்ணியே, அங்கே ஏதோ நடக்கப் போகிறதென்று ஊகிப்பான். இரண்டு தீமைகளில் எது குறைவு என்பதைப் படைக்குப் படை, இடத்துக்கு இடம் தீர்மானிக்க வேண்டும்.

எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைத்தவனின் கவலையும் இருக்கிறது. பழைய நாளில் டெலிபோனுக்குக் கம்ப்யூட்டரின் நோய் தொற்றாது. டெலிபோனே இன்று கம்ப்யூட்டராகிவிட்டது. 2022-ம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி ருஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் புகுவதற்குச் சற்று முன்னால், அந்நாட்டுச் சைன்யமும் உபயோகித்து வந்த ஒரு செயற்கைக் கோள் சேவையின் வீட்டுக் கருவிகளை ஆயிரக்கணக்கில் ஊமையாக்கிவிட்டார்கள். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. அதே வீச்சில் ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளின் தூரக் கண்காணிப்பும் அற்றுப்போயிற்று. அதன் பிறகு உக்ரேன் ‘ஸ்டார்லிங்க்’ என்ற தனியார் சேவையைப் பற்றிக்கொண்டது. அது பேருதவியாகவும் இருந்தது. ஆனால் கிரிமியாவின் செவாஸ்டபோல் வரையில் அதை இயக்கும்படி வந்த அவசர வேண்டுகோளுக்குத் தாம் இணங்கவில்லை என்று அதன் முதலாளி எலான் மஸ்க் 2023-ல் தாமே சொன்னார். அவர் செய்தது சரியா தவறா என்பது வேறு விஷயம். ஒரு தேசத்தின் சேனாபதி போட்ட முன்னுரிமைப் பட்டியலுக்கு மேலே, கண்காணாத தேசத்து வியாபாரி ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

நமது சர்க்கார் 2021-ம் வருஷம் ஜூன் 15-ந் தேதியிலிருந்து, நம்பத்தகுந்த இடங்களிலிருந்து வரும் கருவிகளையே டெலிபோன் கம்பெனிகள் தங்கள் வலையில் சேர்க்கலாம் என்று விதித்திருப்பது நல்ல காரியம். ஆனால் பெட்டியை எங்கே பூட்டினார்கள் என்று பார்ப்பதோடு நின்றுவிடக்கூடாது. பெட்டிக்குள் வழிவிடும் யந்திரத்தின் மூளை, அதாவது அதன் ஸாப்ட்வேர், யாருடைய கையெழுத்தில் இருக்கிறது, அதை நாமே பிரித்துப் படிக்க முடியுமா, இரவோடிரவாக மாற்ற வேண்டியிருந்தால் யார் அனுமதியைக் கேட்கவேண்டும் என்பனவும் பார்க்கத் தக்கவை. 1954-ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையை ஏற்படுத்தியபோது ரேடியோப் பெட்டியை நாமே செய்வதுதான் சுதேசியம். இன்று பொட்டலத்துக்கு வழி சொல்லும் விதியை நாமே எழுதுவதும் அதைச் சேர்ந்தது.

பாதுகாப்புத் துறைக்கான பார்லிமெண்டு நிலைக் குழுவினர் இதை விசாரிக்கலாம். ரகசியம் எதையும் வெளியிட வேண்டியதில்லை. மூன்று படைகளுக்கும் பொதுவான முன்னுரிமைப் பட்டியல் ஒன்று இருக்கிறதா, அதில் சேனாபதிகளின் கையெழுத்து இருக்கிறதா, இழையை வேண்டுமென்றே துண்டித்துவிட்டு ஒத்திகை பார்க்கிறார்களா, எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று கேட்டால் போதும். அந்த ஒத்திகையில் முதல் மணி நேரத்தில் யார் யாருடைய பேச்சு அறுந்தது என்று குறித்து வைக்கட்டும். மேலதிகாரிகளின் பேச்சும் அந்தக் குறிப்பில் இருக்கட்டும். கையால் சுற்றும் பழைய டெலிபோன்களையும் தாமிரக் கம்பிச் சுருள்களையும் ஏலத்துக்கு அனுப்புவதானால், அந்த ஒத்திகை முடிந்த பிறகு அனுப்பட்டும்.